16 மாதத்தில் 4 நிமோனியா: டிபி மருந்து தொடங்கலாமா?

சிரியம் தோசைக்கடை எழுதியது:

வணக்கம். நாங்கள் இருப்பது பர்மாவில், ரங்கூனுக்குப் பக்கத்தில் தன்லின், பழைய ஆட்கள் சொல்லும் சிரியம். வீட்டுக்காரருக்குத் தில்லாவா துறைமுகத்தில் வேலை. நான் காலையில் வாசலில் தோசைக்கடை போடுகிறேன்.

எங்கள் பெண்ணுக்கு அடுத்த மாதம் 5 வயது. எடை 15 கிலோ. போன வருஷம் ஏப்ரலில் தீஞ்சான் தண்ணீர்ப் பண்டிகை லீவில் முதல் தடவை நிமோனியா வந்தது. தண்ணீரில் ஆடியதால் வந்தது என்று எல்லோரும் என்னைத் திட்டினார்கள். அப்புறம் ஆகஸ்ட் மழையில் ஒரு தடவை, ஜனவரியில் ஒரு தடவை, இப்போது ஜூலையில் நாலாவது தடவை. ஒவ்வொரு முறையும் ஒரே கதைதான்: இரண்டு நாள் காய்ச்சல், விலா உள்ளே இழுக்கும் மூச்சு, எக்ஸ்ரே, ஒரு வாரம் ஊசி. ஊசி போட்டால் காய்ச்சல் விட்டுவிடும். வீட்டுக்கு வந்ததும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு ஓடுவாள், சாப்பிடுவாள். காலையில் எழுந்ததும் கொஞ்சம் சளி இருமல் மட்டும் உண்டு.

இப்போது பார்க்கும் டாக்டர், டிபியாக இருக்கலாம், 6 மாத மருந்து தொடங்கிவிடலாம் என்கிறார். மாமியாருக்குத் தம்பி முறையாகும் ஒருவர் டிபிக்கு மருந்து சாப்பிட்டவர், இரண்டு மாதம் எங்கள் வீட்டில் தங்கியிருந்தார். ஆனால் பாப்பாவின் கையில் போட்ட டிபி சோதனை ஊசி தடிக்கவில்லை. வேறு என்ன காரணம் இருக்க முடியும் என்று கேட்டால் “சளிப் பிடிக்கிற உடம்பு” என்று முடித்துவிடுகிறார்கள். இப்படி யார் வீட்டிலாவது நடந்திருக்கிறதா? நாலு எக்ஸ்ரே படமும் என்னிடம் இருக்கிறது.

பெகு நர்ஸ் எழுதியது:

சில கேள்விகள் கேட்கிறேன், கோபப்படாதீர்கள். குழந்தையாக இருந்தபோது குளிப்பாட்டி முடித்ததும் மூக்கில் எண்ணெய் விட்டீர்களா? சங்கில் மருந்தோ விளக்கெண்ணெயோ வைத்து, படுத்த நிலையில், மூக்கைப் பிடித்துப் புகட்டினீர்களா? இப்போதும் தூங்கும்போது பால் புட்டி உண்டா? தண்ணீர் குடிக்கும்போது புரை ஏறுகிறதா?

ஏன் கேட்கிறேன் என்றால், நம் வீடுகளில் இது பாசத்தோடு செய்கிற வேலை. தண்ணீர் மூச்சுக்குழாயில் போனால் பிள்ளை இருமித் துப்பிவிடும். எண்ணெய் அப்படி இருமலைத் தூண்டாது, சத்தமில்லாமல் நுரையீரலுக்குள் இறங்கிவிடும். உடம்பால் அதைக் கரைக்கவும் முடியாது. அது தங்கிய இடத்தில் வீக்கம் வந்து, படத்தில் நிமோனியா மாதிரியே நிற்கும். எந்த ஊசியும் அதற்கு வேலை செய்யாது.

எண்ணெய் மட்டுமல்ல, பாலும் சோறும் எச்சிலும் வழி தவறிப் போவதுதான் முதலில் சந்தேகப்பட வேண்டியது. கனடாவில் டொராண்டோவில் இப்படி அடிக்கடி நிமோனியா வந்த 238 பிள்ளைகளைப் பற்றிய ஆய்வு ஒன்று 2000ஆம் ஆண்டில் வந்தது. பத்தில் ஒன்பது பேருக்கு மேல் உள்ளே ஏதோ ஒரு காரணம் இருந்தது. கிட்டத்தட்டப் பாதிப் பேருக்கு அது விழுங்குவதில் இருந்த கோளாறு. ஆகவே “சளிப் பிடிக்கிற உடம்பு” என்ற பதிலை ஏற்காதீர்கள்.

தோசைக்கல்லுக்குக் கரி அடுப்பா? பாப்பாவை அதன் பக்கத்தில் உட்கார வைக்காதீர்கள்.

மோல்மேன் எக்ஸ்ரே எழுதியது:

அம்மா, நான் டாக்டர் இல்லை. 31 வருஷம் எக்ஸ்ரே எடுத்தவன், பாதி ஆயுளை இருட்டறையில் டெவலப்பர் நாற்றத்தில் கழித்தவன். அந்த அளவுக்கு மட்டும் என் பேச்சை எடுத்துக்கொள்ளுங்கள்.

நாலு படம் இருக்கிறது என்கிறீர்கள். நாலும் காய்ச்சல் நாளில் எடுத்தவை. பாப்பா நன்றாக ஓடி ஆடிய நாளில் எடுத்த படம் எங்கே?

இருக்காது. காய்ச்சல் விட்ட பிள்ளையை யாரும் எக்ஸ்ரேக்குக் கூட்டி வருவதில்லை. ஆறாவது வாரம் வரச் சொல்லி நானே எத்தனையோ சீட்டில் எழுதிக் கொடுத்திருக்கிறேன், வந்தவர்களை விரல் விட்டு எண்ணலாம். ஒரு நாள் கூலி, படகுக் காசு, படத்துக்குக் காசு, யார் வருவார்கள்? ஆனால் நிமோனியா படத்தில் முழுதாகத் தெளிய 4 முதல் 6 வாரம் ஆகும். அதற்கப்புறம் எடுத்த ஒரு சுத்தமான படம் இல்லாமல், இது நாலு நிமோனியாவா, ஆறாமலே கிடந்து அவ்வப்போது கொதிக்கிற ஒன்றா என்று எந்தப் பெரிய டாக்டராலும் சொல்ல முடியாது. புத்தகத்திலும், வருஷத்தில் 2 முறையோ மொத்தத்தில் 3 முறையோ வந்து, நடுவில் படம் தெளிந்திருந்தால்தான் அதைத் திரும்பத் திரும்ப வரும் நிமோனியா என்கிறார்கள்.

அடுத்து, இன்றைக்கே செய்யக்கூடியது. நாலு படத்தையும் தேதி வாரியாக ஜன்னல் கண்ணாடியில் ஒட்டுங்கள். ஈய எழுத்தில் ஆர் என்று ஒரு மூலையில் வெள்ளையாகத் தெரியும், அது பாப்பாவின் வலது கைப்பக்கம். நாலிலும் அந்த எழுத்து ஒரே பக்கம் வரும்படி ஒட்டுங்கள். வெள்ளை மேகம் நாலிலும் ஒரே இடத்தில் இருக்கிறதா, ஊர் சுற்றுகிறதா?

ஊர் சுற்றினால் கோளாறு உடம்பு முழுக்க உள்ள ஒன்று: நோய் எதிர்ப்புச் சக்தி, இதயத்தில் ஓட்டை, நர்ஸ் அம்மா சொன்ன புரை, அல்லது சளியை மேலே தள்ளுகிற நுண்ணிய முடிகள் வேலை செய்யாதது. கடைசியாகச் சொன்னதில் எனக்கு ஒரு அனுபவம் உண்டு. ஒரு பையனுக்குப் படம் எடுத்துக் கொடுத்தேன். “எழுத்தை மாற்றி வைத்துவிட்டாயே, இதயம் வலது பக்கம் வந்திருக்கிறது பார்” என்று பெரிய டாக்டர் எல்லோர் முன்னாலும் திட்டினார். மறுபடி எடுத்தேன், எழுத்தை அவர் கையாலேயே வைக்கச் சொன்னேன். மறுபடியும் வலது பக்கம்தான். அந்தப் பையனுக்கு இதயமே வலது பக்கம்! பிறந்த நாள் முதல் மூக்கு ஒழுகல், காதில் சீழ், ஈர இருமல். 1933இல் கார்டஜெனர் என்கிற சுவிஸ் டாக்டர் எழுதி வைத்த நோய் அது. முடிகள் அசையாத பிள்ளைகளில் பாதிப் பேருக்கு உள்ளுறுப்புகள் இப்படி இடம் வலம் மாறியிருக்கும். திட்டியவர் அப்புறம் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார், அது வேறு கதை.

ஒரே இடமாக இருந்தால் விஷயம் வேறு. அந்த ஒரு மூச்சுக்குழாயில் ஏதோ அடைப்பு, அல்லது அந்த ஒரு துண்டில் பிறவிக் கோளாறு. டிபி இங்கேதான் வருகிறது. டிபியில் நெறிகட்டி வெளியிலிருந்து குழாயை நெரிக்கும், வலது நுரையீரலின் நடுத் துண்டில் இதை நிறையப் பார்த்திருக்கிறேன். நம் நாட்டில் டிபியை லேசாக நினைக்க முடியாது, டாக்டர் சொன்னதில் தப்பில்லை. ஆனால் ஒரே இடம் என்று தெரிந்தால் நான் முதலில் கேட்பது கடலை.

லப்பெட் தட்டைச் சொல்கிறேன். விருந்தாளி வந்தால் நடுவில் தேயிலை ஊறுகாய், சுற்றிலும் வறுத்த கடலை, பட்டாணி, பூண்டு, எள். தட்டு இருப்பது தரையில், தவழும் பிள்ளையின் கை எட்டுகிற உயரத்தில். கடைவாய்ப் பல் முளைக்காத வயசில் பாதிக் கடலை உள்ளே போனால் ஐந்து நிமிஷம் இருமல், முகம் சிவக்கும், அப்புறம் அமைதி. எல்லோரும் மறந்துவிடுவார்கள். கடலை எக்ஸ்ரேயில் தெரியாது, காசும் பின்னும்தான் தெரியும். அதனால் அதன் விளைவைத்தான் படத்தில் தேட வேண்டும். மூச்சை உள்ளே இழுத்தபோது ஒன்று, வெளியே விட்டபோது ஒன்று எடுப்போம். சின்னப் பிள்ளை சொன்னால் கேட்காது, ஆகவே இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்க வைத்து ஒன்று, வலது பக்கம் படுக்க வைத்து ஒன்று. கீழே இருக்கிற நுரையீரல் சுருங்க வேண்டும். சுருங்காமல் உப்பியே கிடந்தால் உள்ளே காற்று சிக்கியிருக்கிறது, அதாவது குழாயில் அடைப்பு.

படங்களைப் பார்த்துவிட்டு எழுதுங்கள். கடலை ஞாபகம் ஏதாவது வருகிறதா என்றும் யோசித்துப் பாருங்கள்.

ரங்கூன் லேப்காரன் எழுதியது:

எக்ஸ்ரே அண்ணன் படத்தைப் பிடித்தார், நான் ரத்தத்தைப் பிடிக்கிறேன். ஹீமோகுளோபின் எவ்வளவு? குழந்தை வெளிறி இருந்து, இரும்புச்சத்து மருந்து கொடுத்தும் ஏறாமல், படத்தில் வந்த மேகம் மூன்று நாலு நாளில் காணாமல் போனால் அது கிருமியே இல்லாமல் இருக்கலாம். நுரையீரலுக்குள் ரத்தம் கசிகிற ஒரு நோய் உண்டு. சின்னப் பிள்ளைகள் சளியை விழுங்கிவிடுவதால் ரத்தம் யார் கண்ணிலும் படாது.

இன்னொன்று, நம்ம ஊர்ச் சொத்து. மெலியாய்டோசிஸ் என்ற நோயை உலகத்தில் முதன்முதலில் கண்டுபிடித்தது ரங்கூன் பொது மருத்துவமனையில்தான். விட்மோர் என்ற வெள்ளைக்காரரும் அவருடைய உதவியாளர் கிருஷ்ணசாமியும் 1912இல் எழுதி வெளியிட்டார்கள். உலகம் விட்மோர் நோய் என்கிறது, கிருஷ்ணசாமியை விட்டுவிட்டது, அந்த ஆதங்கம் எனக்கு உண்டு. மண்ணிலும் சேற்றுத் தண்ணீரிலும் இருக்கும் கிருமி, மழைக்காலத்தில் கூடும். படத்தில் டிபி மாதிரியே ஏமாற்றும். அதற்கென்று உள்ள ஊசியை வாரக்கணக்கில் போட்டு, அப்புறம் மாதக்கணக்கில் மாத்திரை கொடுக்காவிட்டால் திரும்ப வரும். உங்கள் பெண் ஒரு வார ஊசியில் ஒவ்வொரு முறையும் தேறிவிடுவதைப் பார்த்தால் இது இல்லை என்றுதான் நினைக்கிறேன். ஆனாலும் அடுத்த முறை காய்ச்சல் வந்தால், முதல் ஊசிக்கு முன்னால் ரத்தத்தைக் கல்ச்சருக்கு, அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்க, எடுக்கச் சொல்லுங்கள். ஊசி போட்ட பிறகு எடுத்து அனுப்பினால் எங்களுக்குத் தட்டில் ஒன்றும் முளைக்காது.

இரண்டு பையன்களின் அம்மா எழுதியது:

என் மூத்தவனுக்கு ஆறு மாதம் வரை ஒன்றுமில்லை. அதுவரை என் உடம்பிலிருந்து போன எதிர்ப்புச் சக்தி காத்ததாம். அப்புறம் நிமோனியா, காதில் சீழ், தொடையில் கட்டி, மறுபடி நிமோனியா. மூன்று வயதில் ஒரு டாக்டர் வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்து, “டான்சிலே இல்லையே” என்றார். அந்த ஒரு வார்த்தையில்தான் வழி திறந்தது. ரத்தத்தில் இம்யூனோகுளோபுலின் என்கிற, நோயை எதிர்க்கும் புரதத்தைப் பார்த்தார்கள், கிட்டத்தட்ட பூஜ்யம். புரூட்டன் என்ற அமெரிக்க ராணுவ டாக்டர் 1952இல் எட்டு வயதுப் பையன் ஒருவனிடம் கண்டுபிடித்த நோய். இது பெரும்பாலும் பையன்களுக்குத்தான் வரும், உங்களுடையது பெண் பிள்ளை. ஆனால் பெண்களுக்கும் வருகிற வேறு வகைகள் உண்டு, ஆகவே அந்த ரத்தப் பரிசோதனையை ஒரு தடவை செய்துவிடுங்கள். என் பையனுக்கு 4 வாரத்துக்கு ஒருமுறை மருந்து ஏற்றுகிறோம். விலையைக் கேட்காதீர்கள். பள்ளிக்கூடம் போகிறான்.

சிரியம் தோசைக்கடை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

மூக்கில் எண்ணெய் விட்டோம், ஒளிக்க மாட்டேன். மாமியார் ஒரு வயது வரைக்கும் விட்டார். இந்தப் பதிவை வாசித்துக் காட்டியதும் அவர் அழுதுவிட்டார், அதனால் நர்ஸ் அக்கா, இனி அவரிடம் இதைப் பற்றிப் பேசப் போவதில்லை. புரை ஏறுவதில்லை. ஹீமோகுளோபின் 11. காதில் சீழ், கட்டி எதுவும் வந்ததில்லை.

படங்களை ஜன்னலில் ஒட்டினோம். இரண்டு படம் மழை ஈரத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தது, பிரித்ததில் ஒரு மூலை உரிந்துவிட்டது. ஐயா, நாலிலும் ஒரே இடம்! இடது பக்கம், கீழே, இதயத்தை ஒட்டி. என் வீட்டுக்காரர் பென்சிலால் வட்டம் போட்டார். ஒன்றின் மேல் ஒன்று வைத்தால் வட்டம் பொருந்துகிறது.

அப்புறம் கடலை. ஐயா கேட்டதும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. பாப்பாவுக்கு ஒரு வயது தாண்டியிருந்தபோது தடிஞ்சு விளக்குப் பண்டிகைக்கு வந்தவர்களுக்கு லப்பெட் வைத்திருந்தோம். அன்றைக்கு ஒரு தடவை மூச்சு முட்டி இருமினாள். முதுகில் தட்டினோம், சரியாகிவிட்டது. அதுவாக இருக்குமா? இடது பக்கமும் போகுமா?

மோல்மேன் எக்ஸ்ரே எழுதியது:

போகும். வலது குழாய் அகலம், நேராக இறங்கும், அதனால் வலது பக்கம் அதிகம். ஆனால் சின்னப் பிள்ளைகளுக்கு இடது பக்கம் போனதையும் நிறையப் பார்க்கலாம். நாள் கணக்கு சரியாக இருக்கிறது. என் பந்தயம் கடலை மேல்தான்.

ஆனால் இடது கீழ்ப்பக்கம், இதயத்தை ஒட்டி என்றால் ஒரு சிக்கல். நேர்ப் படத்தில் இதயத்தின் நிழல் அந்த இடத்தை மறைக்கும். பக்கவாட்டுப் படம் யாராவது எடுத்தார்களா? இல்லை என்று எனக்கே தெரியும், ஒரு ஃபிலிம் மிச்சம் பிடிப்பார்கள். ஜூலைக் காய்ச்சல் விட்டு ஆறு வாரம் கழித்து, பாப்பா நன்றாக இருக்கிற நாளில், நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று எடுங்கள். ஐந்து படத்தையும் சேர்த்து டாக்டரிடம் வையுங்கள். “வட்டம் போட்டது யார்” என்று கோபித்தால் என்னைச் சொல்லுங்கள்.

சிரியம் தோசைக்கடை எழுதியது:

ஒரு மாதம் ஆகிவிட்டது. நல்ல நாளில் படம் எடுத்தோம். காய்ச்சல் இல்லை, பாப்பா எக்ஸ்ரே அறையில் பாட்டுப் பாடிக்கொண்டு நின்றாள். அந்த மேகம் அங்கேயே இருக்கிறது. பக்கவாட்டுப் படத்தில் முதுகெலும்பை ஒட்டி, அடியில், தெளிவாகத் தெரிகிறது.

டாக்டர் ஐந்தையும் வரிசையாக வைத்து ரொம்ப நேரம் பார்த்தார். கோபிக்கவில்லை. டிபி மருந்தை இப்போது தொடங்க வேண்டாம், முதலில் ரத்தத்தில் சாயமருந்து ஏற்றி சிடி ஸ்கேன் எடுப்போம் என்றார். எடுத்தோம்.

கடலை இல்லை ஐயா. குழாய்க்குள் ஒன்றுமே இல்லை. அந்தத் துண்டு பிறவியிலேயே தனியாக வளர்ந்ததாம். சீக்வெஸ்ட்ரேஷன் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். மற்ற நுரையீரலோடு அதற்குச் சரியான மூச்சு வழி கிடையாது. சளி உள்ளே தேங்கும், வெளியே வர வழியில்லை, கிருமி வந்தால் அங்கேயே குடியிருக்கும். ரத்தம்கூட நுரையீரல் குழாயிலிருந்து வரவில்லை, பெருந்தமனியிலிருந்து நேராக ஒரு குழாய் அதற்குப் போகிறது. சிடியில் டாக்டர் விரலால் காட்டினார், வேர் மாதிரி வளைந்து போனது. அது இருக்கிற வரைக்கும் நிமோனியா வந்துகொண்டே இருக்கும், ஆபரேஷன் செய்து அந்தத் துண்டை எடுத்துவிட்டால் மற்ற நுரையீரல் நன்றாக வேலை செய்யும் என்கிறார்.

ரங்கூனிலேயே செய்யலாம் என்கிறார். மாமியார் சென்னைக்குத்தான் போக வேண்டும் என்கிறார், அங்கே அவருடைய அக்கா பிள்ளைகள் இருக்கிறார்கள். இன்னும் முடிவு செய்யவில்லை. வீட்டுக்காரர் அந்தப் பென்சில் வட்டத்தை அழிக்கக் கூடாது என்கிறார்.

பெகு நர்ஸ் எழுதியது:

மாமியாரிடம் சொல்லுங்கள், எண்ணெயால் வந்தது இல்லை என்று. இதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

மோல்மேன் எக்ஸ்ரே எழுதியது:

பந்தயத்தில் தோற்றேன். 31 வருஷத்தில் சீக்வெஸ்ட்ரேஷன் என்ற பெயரைச் சீட்டில் இரண்டு தடவைதான் பார்த்திருக்கிறேன். நாலிலும் இடது கீழ்ப்பக்கம் என்று நீங்கள் எழுதியபோதே எனக்கு அது தோன்றியிருக்க வேண்டும், அதற்குப் பிடித்த இடமே அதுதான். கடலை கண்ணை மறைத்துவிட்டது.

ரங்கூனோ சென்னையோ, குழந்தைகளின் நெஞ்சை அறுத்துப் பழகிய சர்ஜன் யார் என்று மட்டும் பாருங்கள். அப்புறம் அந்தச் சிடி ஸ்கேனை ஒரு நாளும் கையை விட்டு விடாதீர்கள். பெருந்தமனியிலிருந்து வரும் குழாய் என்றால் அதில் முழு அழுத்தத்தோடு ரத்தம் ஓடும். அது எங்கே இருக்கிறது, எத்தனை இருக்கிறது என்று கத்தி வைப்பதற்கு முன்னால் சர்ஜனுக்குத் தெரிய வேண்டும். சில பேருக்கு இரண்டு குழாய்கூட இருக்கும், வயிற்றுக்குள்ளிருந்தும் ஏறி வரும். ஸ்கேன் பதிந்த கம்ப்யூட்டர் தட்டு மட்டும் போதாது, ஃபிலிமையும் எடுத்துப் போங்கள், அங்கே தட்டு திறக்காமல் போனால் யாரிடம் போய் நிற்பீர்கள்.

மழை இன்னும் விடவில்லை. ஃபிலிமைச் சுருட்டாதீர்கள், ஒவ்வொன்றுக்கும் நடுவில் காய்ந்த செய்தித்தாள் ஒன்று வையுங்கள், பிளாஸ்டிக் பையின் வாயை இறுக்கிக் கட்டுங்கள். படகிலோ பஸ்ஸிலோ மடியில் வைத்துக்கொள்ளுங்கள், பெட்டிக்கு அடியில் வேண்டாம். உரிந்துபோன மூலையைப் பற்றிக் கவலை வேண்டாம், அதில் தோள் எலும்பு மட்டும்தான் இருந்திருக்கும்.